பாலையில் தண்ணீர்க் கணக்கு

(மலையேற்றக் குழு ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிராண்ட் கேன்யன் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். படம் காட்டுவேன் என்று நம்பி வந்தவர்கள் பின்வரிசையில் சிலர் இருப்பது தெரிகிறது. மன்னிக்க வேண்டும், நான் எடுத்ததைவிட நல்ல படங்கள் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும். பாலைத்திணையிலிருந்து தொடங்குவேன் என்று எதிர்பார்க்கும் தமிழாசிரியர்களும் இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப் போவது தண்ணீரைப் பற்றி. அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைத்த நேரத்திலிருந்து மனம் போடும் கணக்கு அது ஒன்றுதான். கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்தது எங்கே கிடைக்கும். கொஞ்சம் யோசிக்கிறவராக இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் தோன்றும்: அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார்?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வடக்குக் கோடியில், கொலராடோ ஆறு அறுத்த பள்ளம் அது. நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை போகும். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். தேசியப் பூங்கா ஆனது 1919இல். பாலை என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். பயணிகள் முதலில் போய் நிற்கும் தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பைன் மரக்காடு, பனிக்காலத்தில் வெண்பனி. அங்கிருந்து இறங்கினால் ஆற்றங்கரை கிட்டத்தட்ட 750 மீட்டர்தான். ஊட்டியில் காலை டீ குடித்துவிட்டு, நடந்தே மதியத்துக்குள் வேலூரின் மே மாத வெயிலுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பியவர் அடியில் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்வார். கோடையில் அடிவாரத்தின் நிழலிலேயே நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும்.

நம்மைப் போல மலை ஏறிப் பழகியவர்களுக்கு இந்த இடம் ஒரு பொறி. மலையில் உடம்பு முதலிலேயே எச்சரிக்கை கொடுத்துவிடும். மூச்சு வாங்கினால் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறக்கம், காற்றும் குளுகுளுவென்று இருக்கும். ‘இவ்வளவுதானா’ என்ற நினைப்பு வந்து, இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று போய்க்கொண்டே இருப்போம். கால் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து, உச்சி வெயில் ஏறிய நேரத்தில்தான் ஏற்றம் ஆரம்பம். இறங்குவது உங்கள் இஷ்டம், ஏறுவது கட்டாயம் என்று அங்குள்ள ரேஞ்சர்கள் சலிக்காமல் சொல்கிறார்கள். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயலாதீர்கள் என்று பாதை தொடங்கும் இடத்திலேயே பலகை இருக்கிறது. அப்படியும் ஆண்டுக்கு இருநூறு பேருக்கு மேல் மீட்கப்படுகிறார்கள். அதில் வயதானவர்களைவிட, நமக்கென்ன என்று கிளம்பும் திடகாத்திரமான இளைஞர்களைப் பற்றித்தான் ரேஞ்சர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

நான் போனது அக்டோபரில். பீனிக்ஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகள்தான் கூட்டிப்போனாள். இறங்கியது சவுத் கைபாப் பாதையில், ஏறியது பிரைட் ஏஞ்சல் பாதையில், நடுவில் ஆற்றங்கரை முகாமில் தங்கல். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சவுத் கைபாப் ஒரு மலைமுதுகின் மேலேயே போகும் பாதை. 11 கிலோமீட்டரில் ஆற்றைத் தொட்டுவிடும். எல்லாப் பக்கமும் திறந்த காட்சி, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் இல்லையென்றே சொல்லலாம். பிரைட் ஏஞ்சல் 15 கிலோமீட்டர். நீளம் கூடுதல், ஆனால் நடுவழியில் ஊற்று இருக்கிறது, மரநிழல் இருக்கிறது. தண்ணீர்ச் செலவு குறைந்த இறக்கத்துக்கு வறண்ட பாதை, செலவு கூடிய ஏற்றத்துக்கு ஈரப் பாதை.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு என் பையைப் பிரித்துப் பார்த்தாள். “மாமா, தண்ணி சரியா இருக்கு. உப்பு எங்க?” என்றாள். “நாலு லிட்டர் தூக்கறதே பாரம், இதுல உப்பு வேறயா?” என்றேன். “தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டே போனீங்கன்னா அதுவே ஆபத்து. பேசாம இத வைங்க” என்று வறுத்த உப்புக்கடலைப் பொட்டலத்தையும் இந்தியக் கடையில் வாங்கிய நார்த்தங்காய் ஊறுகாயையும் திணித்தாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை அவள். வியர்வையோடு உப்பும் போகிறது. போன உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் என்று வெயில் தாக்கியது போலவே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் மேலும் தண்ணீர் கொடுப்பார், நிலைமை இன்னும் மோசமாகும். பள்ளத்தாக்கில் தண்ணீர் இல்லாமல் விழுகிறவர்கள் உண்டு, தண்ணீரைக் குடித்தே விழுகிறவர்களும் உண்டு.

இன்னொன்று நமக்கு மட்டும் வரும் சிக்கல். சென்னையிலும் மதுரையிலும் பழகிய உடம்பு, வியர்வை சொட்டினால்தான் வெயில் என்று நம்புகிறது. அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை தோலுக்கு வந்ததும் காணாமல் போய்விடும். சட்டை காய்ந்தே இருக்கும். நெற்றியைத் தடவினால் விரலில் நறநறவென்று உப்புப்பொடி ஒட்டும். வியர்க்கவேயில்லையே என்று நாம் நினைத்திருக்கும்போதே லிட்டர் கணக்கில் போயிருக்கும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மடக்கு என்று என் அக்கா மகள் கணக்கு வைத்திருந்தாள்.

பாறைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேலே நீங்கள் நிற்கும் கைபாப் சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டு பழையது, கடலடியில் படிந்தது. அதற்குச் சற்றுக் கீழே வெளிர்நிறத்தில் வரும் கோகனினோ மணற்பாறை காற்றடித்துக் குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானது. சாய்வு சாய்வான கோடுகள் அப்படியே இருக்கின்றன, அன்று அந்த மணலில் நடந்த ஊர்வனவற்றின் கால்தடங்களும் இருக்கின்றன. மணல்மேடு வேண்டுமென்றவர்களுக்கு இதோ மணல்மேடு, கொஞ்சம் காலம் கடந்து வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அதற்கும் கீழே ரெட்வால் என்ற செங்குத்துச் சுவர். நூற்றைம்பது மீட்டர் அளவுக்கு ஒரே சிவப்பு. ஆனால் உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம்! மேலடுக்குகளின் இரும்புத் துருவை மழைநீர் கரைத்து வழியவிட்டு வெளியே பூசிய பூச்சு அந்தச் சிவப்பு. அங்கேயும் தண்ணீரின் வேலைதான்.

பிரைட் ஏஞ்சல் பாதையின் கீழ்ப்பகுதியில் ஓரிடம் உண்டு. பழுப்பு மணற்பாறை முடிந்து, சட்டென்று கறுத்து, மடிந்து, மினுமினுக்கும் பாறை தொடங்கும். மணற்பாறைக்கு வயது ஐம்பது கோடியை ஒட்டி. கறுப்புப் பாறைக்கு 170 கோடிக்கு மேல். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவிலிருந்த நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு அங்கே அடுக்கே கிடையாது. படிந்ததெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. கட்டைவிரலைக் கீழேயும் சுண்டுவிரலை மேலேயும் வைத்து அந்த இடைவெளியை ஒரு சாணுக்குள் அடக்கிவிடலாம். இத்தனை பழைய பாறையை ஆறு அறுத்து முடித்ததோ, பெரும்பாலோர் ஏற்கும் கணக்கில், ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளில்.

அந்தக் கறுப்புப் பாறையின் பெயர் விஷ்ணு. விஷ்ணு ஷிஸ்ட் என்பார்கள். எதிரே கோபுரம் போல எழும் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்று பெயர். உடனே கைபேசியை எடுக்காதீர்கள். நம் முன்னோர் கடல் கடந்து போய்க் கட்டினார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி எனக்கும் வந்திருக்கிறது. சிகரங்களுக்கு விஷ்ணு, சிவன் பெயர்களை வைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. புவியியலாளர், கீழை நாட்டுக் கட்டடக்கலையில் மோகம் கொண்டவர். 1882இல் அந்தப் பகுதியின் புவியியல் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அவர் பிடித்த வழியிலேயே பின்னால் வந்தவர்களும் உலகத்துத் தெய்வங்களையெல்லாம் அங்கே குடியேற்றினார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவற்றுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிவன் கோயில் சிகரத்துக்கு ஒரு கதை உண்டு. நாலாபக்கமும் செங்குத்துச் சரிவாக, தனித்து நிற்கும் உச்சி அது. பல்லாயிரம் ஆண்டுகள் தனிமைப்பட்ட அந்த உச்சியில் விலங்குகள் வேறு விதமாகப் பரிணமித்திருக்குமா என்று பார்க்க 1937இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு ஏறியது. பத்திரிகைகள் டைனோசர் வரைக்கும் கற்பனையை ஓட்டின. எலியும் முயலும் மற்ற இடத்து எலி, முயல் போலவே இருந்தன. அதிசயமாகக் கிடைத்தது ஒன்றுதான்: கொடாக் ஃபிலிம் வரும் காலிப் பெட்டி. விளிம்பில் ஸ்டூடியோ வைத்திருந்த எமரி கோல்ப் முன்பே ஏறி, இறங்கியிருந்தார்.

இந்த எமரி கோல்ப்பையும் அவர் அண்ணன் எல்ஸ்வொர்த்தையும் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேசலாம். பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தில் 1904இல் ஸ்டூடியோ கட்டினார்கள். காலையில் கோவேறு கழுதை ஏறி இறங்கும் பயணிகளைப் படம் எடுப்பது, அவர்கள் திரும்பி மேலே வரும்போது பிரிண்டைக் கையில் கொடுத்துக் காசு வாங்குவது, இதுதான் தொழில். ஆனால் ஃபிலிமைக் கழுவ விளிம்பில் நல்ல தண்ணீர் இல்லை. எமரி என்ன செய்தார் தெரியுமா? எடுத்த படத்தைத் தூக்கிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் கீழே, சுமார் 900 மீட்டர் இறக்கம், ஊற்று இருக்கும் தோட்டத்துக்கு ஓடுவார். அங்கே வைத்திருந்த இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, கழுதைகள் வந்து சேர்வதற்குள் மேலே ஓடி வந்துவிடுவார். நான் அந்த ஏற்றத்தை ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். மரியாதையோடு என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

அந்த ஊற்றுத் தோட்டம்தான் நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். நெடுநெடுவென்று காட்டன்வுட் மரங்கள், காலடியில் ஓடை. வறண்ட பாறைக்கு நடுவில் இலைச் சத்தமே காதுக்கு விருந்து. பல காலம் அதற்கு ‘இந்தியன் கார்டன்’ என்று பெயர். ஹவசுபாய் மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளமும் பூசணியும் பீன்ஸும் பயிர்செய்தவர்கள். பூங்கா வந்த பிறகு அவர்களை அப்புறப்படுத்தினார்கள். கடைசியாக அங்கே வாழ்ந்தவர் 1928இல் வெளியேற்றப்பட்டார்.

அந்த 1928ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இறங்கிய பாதையின் முடிவில் ஆற்றைக் கடக்க ஒரு தொங்குபாலம் இருக்கிறது. பாறையைக் குடைந்த சிறு சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளியே வந்தால் நேராகப் பாலத்தின் மேல் நிற்போம். அதைக் கட்டி முடித்ததும் அதே 1928இல்தான். பாலத்தைத் தாங்கும் பிரதான வடங்கள் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடை, நீளம் சுமார் 165 மீட்டர். கழுதை மேல் ஏற்ற முடியாது, துண்டாக்கவும் முடியாது. நாற்பத்திரண்டு ஆண்கள் வரிசையாக நின்று வடத்தைத் தோளில் தாங்கி, அந்த வளைவு வளைவான பாதையில், மேலிருந்து அடிவரை நடந்தே இறக்கினார்கள். அவர்களும் ஹவசுபாய் மக்கள்தான். ஒருவர் கால் இடறினால் முன்னும் பின்னும் எல்லோருக்கும் ஆபத்து. தோட்டத்தை விட்டு விரட்டிய காலத்திலேயே பாலத்துக்குத் தோளும் கேட்டிருக்கிறார்கள். அந்த வடத்தைத் தொட்டுப் பார்த்தேன். என் மணிக்கட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் பாலத்தைக் கடந்தேன்.

1975இல் சட்டம் ஒன்றின் மூலம் அந்த மக்களின் நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. தோட்டத்தின் பெயர் ஹவசுபாய் கார்டன்ஸ் என்று மாறியது 2022 நவம்பரில்தான். பெயரை மாற்றுவது சுலபமான பாதி என்பது என் அபிப்பிராயம்.

ஆற்றின் எதிர்க்கரையில் முகாம். பக்கத்திலேயே ஃபேன்டம் ராஞ்ச், 1922இல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் ஆற்றுக் கல்லையும் மரத்தையும் கொண்டு வடிவமைத்த தங்குமிடம். சாமானெல்லாம் இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. கழுதை வரிசை வந்தால் நாம் பள்ளத்தின் பக்கம் நிற்காமல் மலைப்பக்கமாக ஒதுங்கி, அசையாமல் நிற்க வேண்டும். முகாமில் சாப்பாட்டை வைக்க இரும்புப் பெட்டிகள் கொடுக்கிறார்கள். புலிக்கும் கரடிக்கும் அல்ல, அணிலுக்கு. அந்தப் பூங்காவில் பயணிகளை அதிகம் கடிக்கும் பிராணி அணில்தானாம். இராமர் முதுகைத் தடவிக் கொடுத்த இனம் இதுவல்ல என்பதை அதன் நடத்தையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எதிரே அத்தனை பெரிய ஆறு ஓடுகிறதே, அதில் இறங்கிக் குளிக்கலாமே என்று தோன்றும். கூடாது. 1963இல் மேலே கிளென் கேன்யன் அணை வந்ததிலிருந்து நீர்த்தேக்கத்தின் ஆழத்துத் தண்ணீர்தான் வெளியே வருகிறது. வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. செம்மண் குழம்பாக, கோடையில் வெதுவெதுப்பாக ஓடிய ஆறு இப்போது பச்சையாக, விறைக்கும் குளிரோடு ஓடுகிறது. வெயிலில் கொதித்த உடம்போடு அந்தக் குளிரில் பாய்ந்து, இழுவைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நீர்த்தேக்கத்துக்குப் பவல் ஏரி என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல், 1869 மே மாதம் பத்துப் பேரும் நான்கு படகுகளுமாகக் கிளம்பி இந்த ஆற்றோடு வந்தார். பாலைவனத்தில் அவர்களை வாட்டியது தண்ணீர்ப் பஞ்சமல்ல, தண்ணீரின் வெறி. படகு உடைந்தது, மாவு நனைந்து பூசணம் பிடித்தது. ஆகஸ்ட் 28 அன்று இன்னொரு கொடிய நீர்ப்பாய்ச்சலைப் பார்த்து மூன்று பேர், இனி முடியாது என்று ஆற்றை விட்டு மேலே ஏறிப் போனார்கள். அவர்கள் ஊர் சேரவில்லை, மேட்டு நிலத்தில் கொல்லப்பட்டார்கள். கொன்றது யார் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. படகிலேயே இருந்தவர்களுக்கு அடுத்த நாளே பள்ளத்தாக்கு முடிந்து சமவெளி வந்துவிட்டது.

கடைசியாக, நாங்கள் குழாயில் பிடித்துக் குடித்த தண்ணீர். தெற்கு விளிம்பின் ஹோட்டல்களுக்கு ஒருகாலத்தில் ரயிலில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வந்தது. இன்று அது வருவது எதிர்ப்பக்கத்திலிருந்து. வடக்கு விளிம்பின் பனி உருகி, சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பாறையைப் பிளந்துகொண்டு கொட்டுகிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் குழாய் பள்ளத்துக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து, ஹவசுபாய் கார்டன்ஸ் வந்து, அங்கிருந்து பம்ப் செய்யப்பட்டு மேலே ஏறுகிறது. 1965இல் வேலை தொடங்கினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம் வந்து போட்ட குழாயை அடித்துக்கொண்டு போனது. 1970இல்தான் முடிந்தது. ஆற்றுக்கு மேல் அது போவது வெள்ளிப் பாலம் என்னும் இன்னொரு பாலத்தின் வயிற்றோடு. அந்தப் பாலத்தின் தளம் இரும்புக் கம்பிவலை. கீழே ஆறு தெரிவதால் கழுதைகள் அதில் கால் வைக்க மறுக்கின்றன. எனக்கும் கழுதைகளின் கட்சிதான், ஆனால் பிரைட் ஏஞ்சல் பாதைக்கு அது குறுக்கு வழி.

அந்த அலுமினியக் குழாய் இப்போது தளர்ந்துவிட்டது. 2010க்குப் பிறகு எண்பது முறைக்கு மேல் உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அடுத்தடுத்து உடைந்து, விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில் தெற்கு விளிம்பின் விடுதிகளில் இரவுத் தங்கலையே நிறுத்தவேண்டி வந்தது. ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பேர் வந்துபோகும் இடம், ஒற்றைக் குழாயை நம்பி நிற்கிறது. பழைய குழாயை மாற்றும் பெரிய வேலை 2023இல் தொடங்கியது. 2025 ஜூலையில் காட்டுத்தீ வடக்கு விளிம்பின் பழைய விடுதியை எரித்தபோது அங்கிருந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் சேர்ந்து எரிந்தது.

ஆகவே உங்களில் யாராவது போவதாக இருந்தால் சில காரியங்கள். ஆற்றங்கரையில் தங்க அனுமதி பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும், நான்கைந்து மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள், எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று பூங்கா அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் பையைக் கட்டுங்கள். குழாய் வேலை செய்கிறது என்றாலும் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்க மாத்திரையோ வடிகட்டியோ ஒன்று பையில் இருக்கட்டும். உப்புக்கடலை இந்தியாவிலிருந்து தூக்கிப் போக வேண்டாம், பீனிக்ஸிலேயே கிடைக்கிறது. இனி உங்கள் கேள்விகள்.